கனடா என்று எழுதி ரிப்பீட் வாங்கிய கதை

நேற்று மத்தியானம் ரிசல்ட் போட்டார்கள். வைரலாஜி (வைரஸ்கள் பற்றிய பாடம்) ரிப்பீட், அதாவது மறுபரீட்சை, பாஸ். உடனே அம்மாவுக்கு போன் எடுத்தேன். மலையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், "சரிப்பா, மழ வருது, பொறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டார். கொண்டாட்டம் அத்தோடு முடிந்தது.

ஜூனியர் பேட்ச் தம்பி, தங்கச்சிமார் குப்பி (சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்) கேட்டு நச்சரிப்பதால் இதை எழுதுகிறேன். பேப்பர் எப்படி வரும், எத்தனை எஸ்ஸே என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் ஜீனோடைப்கள் (மரபணு வகைகள், நம்பர் போட்டுச் சொல்வார்கள்) எந்தப் பிராந்தியத்து நோயாளிகளிடம் எது அதிகம் என்ற அந்த ஒரே கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

சீனியர் ஒருவரின் நோட்டில் ஒரு அட்டவணை இருந்தது. ஒன்று அமெரிக்கா, ஐரோப்பா, மூன்று இந்தியா, பாகிஸ்தான், நான்கு எகிப்து, ஐந்து தென்னாபிரிக்கா, ஆறு வியட்நாம் பக்கம் என்று ஹட்டன் கண்டி பஸ் கினிகத்தேனை வளைவுகளில் ஆட ஆட வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். ஏழுக்கும் எட்டுக்கும் நேரே "கனடாவில் கண்டறியப்பட்டது" என்று இருந்தது. பேப்பரிலும் அப்படியே, ஏழும் எட்டும் கனடாவில் பரவியிருக்கின்றன என்று தைரியமாக எழுதிவிட்டு வந்தேன்.

ஏழாம் ஜீனோடைப் கொங்கோவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் கிடைத்தது. எட்டு 2018இல் வெளிவந்தது, அந்த நோயாளிகள் இந்தியாவின் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். கனடா என்பது இரத்தம் எடுத்த இடம், அவ்வளவுதான்.

இது எனக்கு உறைத்தது படித்து அல்ல. மாமா மகன் ஒன்பது வருஷமாகக் கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்கிறான். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் அவன் கார்ட்டில் விலாசம் கொழும்பு. ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், மஸ்கெலியா என்பான். தீபாவளிக்கு அவன் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்திருந்தபோதுதான் அட, ஏழாம் நம்பர் கதை இதுதானே என்று பட்டது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது முதல் நாளே புரிந்திருக்க வேண்டும். (நம்மை வைரஸோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

அதற்குப் பிறகு அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு நம்பருக்கும் "எந்த வழியாக வந்தாய்?" என்ற ஒரே கேள்வி.

எகிப்தில் ஏன் 4? 1950கள் முதல் 1980கள் வரை சிஸ்டோசோமா புழு நோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள், சரியாகக் கிருமி நீக்காத அதே ஊசிகள் பலருக்கும் போயின. புழுவை விரட்டப் போன மருந்து வேறொரு நோயைக் கொடுத்துவிட்டது. இதை எழுதினால் 4ஏ (4இன் ஓர் உபவகை) தானாக ஞாபகம் வரும். 2இன் பழைய ஊர் மேற்கு ஆபிரிக்கா, அடிமைக் கப்பல்களோடு கரீபியன் தீவுகளுக்குப் போனது. ஐரோப்பாவில் இன்னும் சுவாரசியம்: ஒரே ஊர் கிளினிக்கில், முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்ட வயதானவர்களிடம் 1பி, ஊசியில் போதை ஏற்றும் இளையவர்களிடம் 1ஏ, 3ஏ. வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல், அதற்கு முன் இரத்தத்தைப் பரிசோதிக்க வழியே இல்லை. ஆகவே கிளினிக்குக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த ஊரின் "பரவல்" மாறும். முதல் தடவை நான் ஒரு வரிகூட எழுதாத விஷயம் இது.

மற்றவை அவசரமாக:

- உலக அளவில் 1 முதலிடம், 3 இரண்டாமிடம்.
- இந்தியாவை ஒரே நிறத்தில் தீட்டாதீர்கள். வடக்கில் 3 ஓங்கி நிற்கும், தெற்கே வர வர 1இன் பங்கு கூடும்.
- ஜீனோடைப்களுக்கு இடையே நியூக்ளியோடைட் வித்தியாசம் 30 சதவீதத்துக்கு மேல், உபவகைகளுக்கு இடையே 15 முதல் 25. இதை மாற்றி எழுதி மார்க் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.
- ஆன்டிபாடி பொசிட்டிவ் என்றதும் ஜீனோடைப்புக்குத் தாவ வேண்டாம், நடுவில், வைரஸ் இப்போதும் இரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது.

பரிசோதனை முறையையும் ஒரு பந்தி எழுதுங்கள். வைரஸ் மரபணுவின் தொடக்கத்தில் உள்ள 5 பிரைம் யூ.டி.ஆர். பகுதி அதிகம் மாறாதது, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க அருமையானது. அந்த மாறாத குணமே உபவகை பிரிக்கும்போது காலை வாரும், தென்கிழக்கு ஆசியாவின் சில 6கள் 1பி என்று தப்பாக விழும். என்.எஸ்.5பி அல்லது கோர் என்ற மரபணுப் பகுதியைப் பார்த்தால்தான் தெளியும். நோயாளி மட்டுமல்ல, பரிசோதனைக் கிட் கூட வரைபடத்தை மாற்றும்.

சிகிச்சையில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். பழைய இன்டர்பெரோன் ஊசி மருந்துக் காலத்தில் 1க்கு 48 வாரம், 2க்கும் 3க்கும் 24 வாரம் என்பதால் நம்பர் தெரியாமல் மருந்தே தொடங்க முடியாது. 2016இல் வந்த சொபொஸ்புவிர், வெல்பட்டஸ்விர் கூட்டு மாத்திரை எல்லா ஜீனோடைப்புக்கும் பொதுவாக 12 வாரம். அப்புறம் எதற்கு ஜீனோடைப் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குதல்) வந்த 3ஆம் வகை நோயாளி இன்னும் கொஞ்சம் சிரமம் கொடுப்பார், அதைச் சொல்லுங்கள்.

நான் படித்த முறை எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்குக் கூட்டமாகப் படித்தால் தலைக்குள் ஒன்றும் ஏறாது. லீவில் வீட்டில் இருந்தபோது, அம்மா காலை நாலரைக்கு அடுப்பு பற்ற வைக்கும் சத்தத்தோடு எழும்பி, வெறும் உலகப் படம் ஒன்றை வரைந்து அம்புக்குறி போடுவேன், தினமும் ஒன்று. நம்பர் எழுதுவதற்கு முன் அம்பு. மூன்று வாரம் அப்படிச் செய்தேன், அந்த ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்வேன்.

இலங்கையைப் பற்றிக் கேட்டால்: இங்கே தொற்று குறைவு, தானமாக வரும் இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. அப்படிக் குறைந்த இடத்தில் கைக்குக் கிடைக்கும் சில நோயாளிகளை வைத்து முழுத் தீவுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். கேள்வியில் "அமங் பேஷன்ட்ஸ்" (நோயாளிகளிடையே) என்று இருந்தால் அந்த இரண்டு சொல்லுக்கும் கீழே கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

என் கடைசி வரைபடம் வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஆறாம் நம்பர் பக்கம் தேத்தண்ணி கொட்டியிருக்கிறது, அதை மட்டும் நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.