தரை சுரண்டுவோர்: கையெபோத் ஓவியத்துக்குப் பாதி அளவில் ஒரு பிரதி

மண்டியிட்டு மரத்தரையைச் சுரண்டும் மூன்று தொழிலாளிகளின் எண்ணெய் வண்ணப் படம் இது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கையெபோத் 1875இல் வரைந்தது. இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு சலோன் என்ற பாரிஸ் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் தள்ளிவிட, 1876இல் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற புதுப்பாணி ஓவியர் குழுவின் இரண்டாம் கண்காட்சியில் வைத்தார். வயல் கூலிகளை மிலே என்ற பிரெஞ்சு ஓவியர் ஏற்கெனவே வரைந்திருந்தார். நகரத்துத் தொழிலாளி இத்தனை பெரிய படத்தில் இடம்பெறுவது அப்போது அரிது.

மூலம் ஏறக்குறைய 102 × 147 செ.மீ. பிரதிக்கு 51 × 73.5 செ.மீ. கேன்வாஸ். உயரத்தை 8, அகலத்தை 12 பாகமாகக் கட்டம் போட்டு, நீர்த்த பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பில் அடிநிறம் பூசியாயிற்று.

முதலில் தரை. பார்வை மட்டம் மிக உயரம். அச்சுப்படத்தில் பலகைக் கோடுகளை நீட்டி, அவை சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே குண்டூசி குத்தி நூல் கட்டிக் கோடு போட வேண்டும். புள்ளியைச் சற்று இறக்கினாலும் தரை தட்டையாகி, மண்டியிட்ட மூவரும் சறுக்குவதுபோல் தெரிவார்கள்.

படத்தின் உயிர் கைகளில்தான். முன்னால் நீண்ட கைகள் அளவுக்கு மீறி நீளமாகத் தோன்றும். உடற்கூறு பார்த்துத் திருத்தினால் உந்தும் விசை போய்விடும். முகத்தில் சோகம் ஏற்றவே கூடாது. கையெபோத் இந்தத் தொழிலாளிகளைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக வரையவில்லை, தொழில் தெரிந்தவர்களாக வரைந்தார். வலப்பக்கம் இருவரும் தலை சாய்த்துப் பேசியபடியே வேலை செய்கிறார்கள். அந்தச் சாய்வு பிசகினால் பேச்சு நின்றுவிடும்.

வெளிச்சம் பின்னாலுள்ள பால்கனி ஜன்னலிலிருந்து வருகிறது. அதனால் முதுகிலும் தோளிலும் குளிர்ந்த ஒளி, மார்பு நிழலில். கடையில் விற்கும் தோல்நிற டியூப் வேண்டாம், உடம்பு பொம்மையாகிவிடும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெள்ளை, நிழலுக்குத் துளி அல்ட்ராமரைன் (அடர் நீலம்) போதும். டைட்டானியம் வெள்ளை கூடினால் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும்.

தரையில் வார்னிஷ் மிஞ்சிய பட்டைகள் பளபளக்கும், சுரண்டியவை மங்கலாக வெளுத்திருக்கும். அம்பர் காய்ந்ததும் உள்வாங்கி மங்குவதால் இந்த வேறுபாடு அழிகிறது. மெல்லிய படலமாக ஆளிவிதை எண்ணெய் தடவி, அதிகப்படியைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு அதன் மேல் தொடர்ந்தால் பழைய நிறம் தெரியும். அடிப்படலம் டர்பென்டைனில் மெலிதாக, மேற்படலம் எண்ணெய் கூடுதலாக. வரிசை மாறினால் வண்ணத்தில் வெடிப்பு விழும்.

மரச்சுருள்கள், மது பாட்டில், கிளாஸ் மட்டும் பாக்கி. சுருள்களை எண்ணி வரையத் தேவையில்லை. ஈரம் காய்ந்த தரைமேல் கெட்டி வண்ணத்தை ஒரே இழுப்பில் வைத்தால் தானே சுருளும்.