ஸ்கூனரும் ஆழாக்கும்

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வந்து ஒரு பப்பில் புது வேலையில் சேர்ந்த முதல் சாயங்காலம், ஒரு பெரியவர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு "ஒரு ஸ்கூனர்" என்றார். எனக்கா தெரியாது? சிட்னியில் பதினான்கு மாதம் இதே வேலைதான். கை பழகிய உயரக் கிளாஸை எடுத்து, சாய்த்துப் பிடித்து, மேலே ஒரு விரற்கடை நுரை நிற்க நிரப்பி வைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்து ஆளைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு ஸ்கூனர் காசுக்குப் பைன்ட் ஊத்துது, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். வரிசையே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். சிட்னியில் ஸ்கூனர் என்றால் 425 மில்லி பீர் கிளாஸ். அதைவிடச் சின்னது, 285 மில்லி, அங்கே அதற்கு மிடி என்று பெயர். இங்கே அந்த 285 மில்லிதான் ஸ்கூனர். அப்போ 425 மில்லி? அதைத்தான் இவர்கள் பைன்ட் என்கிறார்கள். மற்ற ஊர்களில் பைன்ட் என்றால் 570. அது வேண்டுமென்றால் இங்கே இம்பீரியல் பைன்ட் என்று முழுப் பட்டத்தோடு கேட்க வேண்டும். மெல்போர்னில் அதே 285-க்கு பாட் என்று பேர். எல்லாம் அவுன்ஸ் காலத்துக் கிளாஸ்கள், பத்து அவுன்ஸ், பதினைந்து அவுன்ஸ், இருபது அவுன்ஸ். எழுபதுகளில் நாடு மெட்ரிக்குக்கு மாறியபோது கணக்கை மில்லியில் எழுதிக்கொண்டார்கள், பெயரை அந்தந்த ஊர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. ஒரே நாடு, ஒரே பீர். ஊர் மாறினால் பாஷை மாறலாம், கிளாஸுமா மாறும்?

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க முடியாது என்பதுதான் கஷ்டம். வீட்டில் நான் சொல்லியிருப்பது "ஹோட்டல்ல வேலை". அது பொய்யும் இல்லை. இந்த நாட்டில் பப்களின் பலகையில் பாதிக்குப் பாதி ஹோட்டல் என்றுதான் எழுதியிருக்கும். அம்மா மனசில் இருக்கும் ஹோட்டல் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இட்லி வடை போடுகிற ஹோட்டல். "தோசைக் கல்லுகிட்ட நிக்காத கண்ணு, கை சுட்டுக்கும்" என்கிறாள். சரிம்மா என்கிறேன்.

ஒரு பொட்டுக் குடிக்காத எனக்கு இந்த அளவுக் கணக்கு ஒன்றும் புதுசு இல்லை. எங்கள் தெரு முனையிலேயே கடை, பள்ளிக்கூடம் போகும் வழி. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. 750 மில்லி ஃபுல்லில் கால் பங்கு என்று பேர், நிஜமான கால் பங்கு 187.5, அந்த ஏழரை மில்லி எங்கே போனது என்று ஏழாவது படிக்கும்போது கணக்குப் போட்டு நைனாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கட்டிங் என்றால் அதே குவார்ட்டரை முன்பின் தெரியாத இரண்டு பேர் காசு போட்டு வாங்கிப் பாதிப் பாதி ஊற்றிக்கொள்வது. கையில் காசு குறைவாக வருகிறவர் வாசலில் நின்று "கட்டிங் இருக்கா" என்று கேட்பார், இன்னொருவர் தலையாட்டுவார். குவார்ட்டர் பாட்டிலின் அளவு, கட்டிங் ரெண்டு பேருக்குள்ள ஒப்பந்தம். அடிலெய்டில் ஸ்கூனரைக் கட்டிங் போட்டுக்கொள்ளும் இரண்டு பேரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் வட ஆற்காட்டுக்கு 1939-லேயே மதுவிலக்கு வந்துவிட்டது, சேலத்தில் ராஜாஜி தொடங்கி இரண்டு வருஷத்தில். அடிலெய்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1916-லிருந்து 1967 வரைக்கும் இந்த மாநிலத்தில் மாலை ஆறு மணிக்கே பார் மூடியாகணும். என்னைக் கிண்டலடித்த பெரியவர்தான் சொன்னார், அவருடைய அப்பா வேலை முடிந்து ஓடிவந்து ஆறு அடிப்பதற்குள் மூன்று கிளாஸ் உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவாராம்.

பேர் ஒன்று அளவு ஒன்று என்கிற வம்பு என் அறையிலும் உண்டு. கூட இருக்கும் அக்கா திருநெல்வேலி. போன பொங்கலுக்கு அம்மாவை ஸ்பீக்கரில் போட்டேன். "ஒரு ஆழாக்கு பச்சரிசி, அரை ஆழாக்கு பாசிப்பருப்பு" என்று அம்மா சொல்லச் சொல்ல, அக்கா தனக்குப் பழகிய உழக்குக் கணக்கிலேயே அரிசியைப் போட்டுவிட்டாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. தண்ணீர் மட்டும் அம்மா சொன்ன கணக்கு. ஜனவரி வெயில் நாற்பதைத் தாண்டி அடிக்கிறது (அந்த ஒரு விஷயத்தில் அடிலெய்டு அப்படியே வேலூர்), பாத்திரத்தில் பொங்கல் பொங்கவே இல்லை, களிமண் மாதிரி உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் அதைத்தான் தின்றோம்.

ஆழாக்கு என்றதும் எனக்கு அரிசி ஞாபகம் வராது. பால்தான். எங்கள் ஆயா மூன்று எருமை வைத்திருந்தாள். விடிகாலை தெருப்பெண்கள் சொம்போடு திண்ணையோரம் நிற்பார்கள். ஆயாவின் ஆழாக்கு பித்தளை, ஓரத்தில் ஒரு நெளிசல். அந்த நெளிசலால் பால் குறைகிறது என்று எதிர்வீட்டம்மாவுக்கு வருஷக்கணக்காகச் சந்தேகம். ஆயா அதற்குப் பதிலே சொல்ல மாட்டாள். ஆழாக்கைப் பாலில் முக்கி, தளும்பத் தளும்ப எடுத்து, சொம்பில் கவிழ்த்து, அது சொட்டி முடிப்பதற்குள் திரும்பவும் ஒருமுறை முக்கி கால்வாசி எடுத்துச் சடக்கென்று ஊற்றுவாள். அதுதான் கொசுறு. கைக்குழந்தை வைத்திருக்கிறவளுக்குக் கொசுறு கொஞ்சம் கூடும். கடன் பாக்கி இருக்கிறவளுக்கும் கொசுறு உண்டு, ஆனால் அவளைப் பார்க்காமல் ஊற்றுவாள்.

இங்கே விஸ்கி, ரம் வகைகளுக்கு நிப் என்று ஓர் அளவு, 30 மில்லி. கண்ணால் பார்த்து ஊற்றக் கூடாது, அளந்துதான் ஊற்ற வேண்டும், சட்டம். அதற்கு ஜிக்கர் என்று உடுக்கை மாதிரி ஒரு எவர்சில்வர் சாமான், ஒரு பக்கம் 30, மறுபக்கம் 15. முதல் வாரம் ஜிக்கரைக் கவிழ்த்ததும் என் மணிக்கட்டு தானாகவே பாட்டிலை இன்னொரு தடவை கிளாஸ் பக்கம் சாய்க்கப் போனது. நானாக யோசித்துச் செய்யவில்லை. மேனேஜர் பார்த்துவிட்டு, "தாராளமா ஊத்தறே, என் காசுல" என்றார். குறைத்து ஊற்றினால் தப்பு, அது எனக்கும் புரிகிறது. கூட ஊற்றினாலும் தப்பு என்பதுதான் இன்றைக்கு வரைக்கும் உறுத்துகிறது. எங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் மோர்ப் பந்தலில் நின்று ஊற்றியிருக்கிறேன், அண்டா காலியாகும்வரை யார் எத்தனை டம்ளர் குடித்தார்கள் என்று யாரும் எண்ணியதில்லை.

சரி, இப்போது பழகிவிட்டது. உண்மையாகவே பழகிவிட்டது. போன வாரம் சிட்னிக்காரன் ஒருவன் வந்து பைன்ட் கேட்டு, 425 மில்லியைப் பார்த்து ஏமாற்றுகிறோம் என்று கத்த, "எங்க ஊர்ல இதுதான் பைன்ட்" என்று நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். எங்க ஊராம்! சொல்லி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்கு ராத்திரி கடைசியாக அந்தப் பெரியவர் ஒரு புட்சர் கேட்டார். அடிலெய்டில் இருக்கும் இன்னொரு பேர் அது, 200 மில்லி, இப்போது யாரும் அதிகம் கேட்பதில்லை. அலமாரியின் பின்வரிசையிலிருந்து அந்தச் சின்னக் கிளாஸை எடுத்ததும் கைக்கு ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. ஆயாவின் ஆழாக்கைத் தம்பி ஒருதடவை பள்ளிக்கூட அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தான், நெளிசலோடு சேர்த்து 200-க்கு ஒரு சொட்டுக் குறைவு. தளும்பத் தளும்ப நிரப்பினேன், நுரைக்குக்கூட இடம் விடவில்லை. வழிந்தது குழாய்க்குக் கீழே இருக்கும் தட்டில் சேர்ந்தது.

கடை மூடும்போது அந்தத் தட்டைத் தொட்டியில் கவிழ்ப்பது என் வேலை. ஆயா என்றால் ஆழாக்கில் ஒட்டின பாலைக்கூட ஒரு கை தண்ணீர் விட்டு அலசி, திண்ணையோரம் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு ஊற்றிவிட்டுத்தான் கழுவவே போடுவாள்.