ஒரு சங்களவு

2025 ஜனவரி 8, புதன்

உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவைச் சிகிச்சை முடிந்து இன்று மூன்றாம் நாள். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கிவிட்டு, எஞ்சியதைக் குழாய் வடிவில் தைத்துவிடும் ஸ்லீவ் முறையில் எனக்குச் செய்திருக்கிறார்கள். நேற்று மாலை முதன்முறையாகத் தண்ணீர் கொடுத்தார்கள். மருந்து ஊற்றும் பிளாஸ்டிக் மூடியில் 30 மில்லி, அதையும் கால் மணி நேரம் வைத்து உறிஞ்ச வேண்டும். அடிபம்பில் அடித்துச் சொம்போடு அண்ணாந்து குடித்து வளர்ந்தவளுக்கு இது விந்தையாக இருந்தது. வலது தோள்பட்டையில் வலிக்கிறது. வயிற்றை விரிக்க உள்ளே செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வலி தோளில் தெரியும் என்றும், நடந்தால் குறையும் என்றும் செவிலியர் சொன்னார். நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 11, சனி

நேற்று வீட்டுக்கு வந்தோம். உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த தாளை அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "கஞ்சி எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் வீட்டில் காய்ச்சல், பிரசவம், மஞ்சள் காமாலை என எது வந்தாலும் பத்தியம் என்றால் நொய்க் கஞ்சிதான். அந்தத் தாளிலோ வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கொழுப்பு நீக்கிய மோர், எலும்பு சூப்பின் தெளிவு, சர்க்கரை சேர்க்காத புரதப் பொடி ஆகியவையே இருந்தன. தையல் ஆறுவதற்கும், எடை இறங்கும்போது தசை கரைந்துவிடாமல் இருப்பதற்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்றும், இருக்கிற சிறிய இடத்தைக் கஞ்சி அடைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடமிருக்காது என்றும் விளக்கினேன். அம்மா தலையை ஆட்டினாரே தவிர ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டு அவர் வைத்திருந்த ரசத்தையும் மறுக்க நேர்ந்ததில் எனக்கே வருத்தம்.

மாலையில் பரணிலிருந்து என் மகனுக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். மருத்துவமனை மூடியால் அளந்து பார்த்தோம். இரண்டு சங்குக்கு 30 மில்லி சரியாக வந்தது. 43 வயதில் சங்கில் மோர் குடிக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் சேர்ந்து கொதிக்கும் மணம் வீடெங்கும் நிறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டதால் எனக்கு இப்போது பசி என்ற ஒன்றே இல்லை. ஆனாலும் அந்த மணத்துக்கு வாய் ஊறியது. "நாள் கிழமையில் ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்றார் அடுத்த வீட்டு அக்கா. தையல் இன்னும் ஆறாத நிலையில் அரிசிப் பருக்கை அழுத்தத்தைக் கூட்டும், இவ்வளவு இனிப்பு குடலுக்குள் ஒரேயடியாக இறங்கினால் வியர்த்துப் படபடத்து வயிற்றோட்டம் வரக்கூடும் என்றெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. "அடுத்த பொங்கலுக்கு, அக்கா" என்று சொல்லிவிட்டு, சங்கை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் கணக்கை எழுதத் தொடங்கியிருக்கிறார். இன்றைய புரதம் 41 கிராம், நீர் 1,100 மில்லி. நீரில் 1,500-ஐத் தொட வேண்டும். அது குறைவதற்கு, எடுத்துக் குடிக்க மறந்துவிடுகிறேன் என்பதே காரணம். தாகமும் முன்போல் எடுப்பதில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று முதல் மசித்த உணவு. காலையில் வேகவைத்த முட்டையைத் தயிர் விட்டு மிக்சியில் அடித்து மூன்று கரண்டி. சுவையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

இட்லியால்தான் இன்று வாக்குவாதம். இட்லியை விட மென்மையான உணவு உலகத்தில் உண்டா என்பது அம்மாவின் கேள்வி, நியாயமான கேள்விதான். ஆனால் மென்மை வேறு, சத்து வேறு. ஓர் இட்லியில் புரதம் ஏறத்தாழ இரண்டு கிராம், ஒரு முட்டையில் ஆறு கிராம். அந்த ஓர் இட்லியோடு என் வயிறு நிறைந்துவிடும், அதன்பின் முட்டைக்கு இடம் ஏது? முதலில் புரதம், இடமிருந்தால் காய், அதற்கும் பிறகே அரிசி என்ற வரிசையை நோட்டின் அட்டையில் எழுதி வைத்தேன். உணவுக்கு அரை மணி நேரம் முன்பும் பின்பும் தண்ணீர் கூடாது என்பதையும் சேர்த்தேன். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் வைக்காமல் பரிமாறுவது அம்மாவுக்கு விருந்தினரை அவமதிப்பதுபோல் இருக்கிறதாம்.

ஜனவரி 30, வியாழன்

தவறு என்னுடையது. மதியம் தொலைக்காட்சி பார்த்தபடியே, மகனுக்காகப் பிசைந்து வைத்திருந்த பருப்புச் சோற்றில் இரண்டு கவளம் எடுத்து வாயில் போட்டேன். மெல்லவுமில்லை, இடைவெளி விடவுமில்லை. சற்று நேரத்தில் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தாற்போல் அழுத்தி, வாயில் எச்சில் பெருகி, வெறும் நுரையாக வெளியே வந்தது. சோறு திரண்டு உருண்டையாகி அந்தக் குறுகலான குழாயில் நின்றுவிட்டிருக்க வேண்டும். நடந்துகொண்டிருந்ததில் ஒரு மணி நேரத்தில் அடங்கியது. காய்ச்சலோ, ஓயாத வலியோ, விரைந்த நாடித்துடிப்போ இருந்தால் காத்திராமல் வரும்படி முன்பே எச்சரித்திருந்ததால் இரவு வரை நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. அம்மா திட்டவில்லை, நோட்டில் "சோறு" என்று எழுதி அடித்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மென்மையான உணவுக்கு வந்து மூன்று நாட்கள் ஆகின்றன. காரமில்லாத குழம்பில் ஊறிய வஞ்சிரத் துண்டை நகத்தளவு பிய்த்து, இருபது முறை மென்று விழுங்குகிறேன். வறுத்த மீன் காய்ந்து அடைக்கும் என்பதால் குழம்பு மீன் மட்டுமே. விதை நீக்கிய சுரைக்காய் ஒத்துக்கொள்கிறது. கீரைத்தண்டும் முருங்கைக்காயும் நாரின் காரணமாக இன்னும் தள்ளி நிற்கின்றன. இரும்புச்சத்து மாத்திரையை மதியமும், கால்சியத்தை இரவிலும் போடுகிறேன். சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றொன்றை உடலில் சேரவிடாது.

எடை 112 கிலோவிலிருந்து 101-க்கு வந்திருக்கிறது. நேற்றைய கணக்கை அம்மாவே கூட்டினார்: முட்டை இரண்டு 12, மீன் 8, தயிர் 4, பருப்பு 4, பொடி 24, பால் 6, மொத்தம் 58. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இரண்டு கிராம் குறைகிறதே" என்று முணுமுணுத்தவர், அடுக்களைக்குப் போய் ஒரு கைப்பிடி பாசிப்பயறை ஊறவைத்துவிட்டு வந்தார்.