மெடிகெய்ட் அட்டை வந்துவிட்டது, மருந்து வரவில்லை

ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்ற அபின் வகை) பழக்கத்திலிருந்து மீள, மெடிகெய்டில், அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டில், மருந்து வாங்குபவர்களுக்கு இது. வட கரோலினாவில் அதற்கு விண்ணப்பிப்பது சுலபம். 2023 டிசம்பர் 1 முதல் அங்கே மெடிகெய்ட் விரிவாக்கம் நடப்பில் இருக்கிறது. பிள்ளை குட்டி இல்லாத தனி ஆளுக்கும், 2025 கணக்குப்படி மாத வருமானம் சுமார் 1,800 டாலருக்குள் இருந்தால் கிடைக்கும். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்கள் மட்டும் தங்கள் தகுதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் முகவரி. ஷார்லட்டில் வேலை, எல்லை தாண்டி ஃபோர்ட் மில்லில் குடித்தனம் என்றால் நீங்கள் தென் கரோலினாக்காரர். அங்கே விரிவாக்கம் இல்லை. பிள்ளையோ ஊனமோ இல்லாதவர் சல்லிக்காசு சம்பாதிக்காவிட்டாலும் பெரும்பாலும் அட்டை கிடையாது.

அலைச்சல் அட்டை வந்த பிறகுதான். முன்பெல்லாம் ஓபியாய்டு பழக்கத்துக்கான புப்ரெனார்ஃபின் என்ற மருந்தை எழுத மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் இறுதியில் அந்த ஃபெடரல் விதியை எடுத்துவிட்டார்கள். இன்னமும் சில வரவேற்பு மேசைகளில் "எங்கள் டாக்டருக்கு அந்த லைசென்ஸ் இல்லை" என்கிறார்கள். திரும்பி வராதீர்கள், டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். "மெடிகெய்ட் எடுப்பீர்களா?" என்ற கேள்வியும் பத்தாது. மருந்துக்கு அட்டையைக் காட்டச் சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்க்க மட்டும் ரொக்கம் கறக்கும் கிளினிக்குகள் உண்டு. "கன்சல்டேஷனுக்கும் எடுப்பீர்களா?" என்று போனிலேயே கேளுங்கள்.

அடுத்தது பார்மசி கவுன்டர். வெள்ளிக்கிழமை மாலை போனால் வரும் பதில்: "முன் அனுமதி வேண்டும், திங்கள் வாருங்கள்." முன் அனுமதி என்பது அந்த மருந்துக்கு மெடிகெய்ட் தரவேண்டிய ஒப்புதல். மூன்று நாள் மருந்தில்லாமல் இருப்பதென்றால் என்னவென்று அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது, தெரிந்தால் அவ்வளவு சாவகாசமாகச் சொல்ல மாட்டார். ஃபெடரல் மெடிகெய்ட் சட்டப்படி முன் அனுமதிக் கோரிக்கைக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். அவசர நிலையில் 72 மணி நேரத்துக்கான மருந்தைக் கொடுக்க வழி செய்திருக்க வேண்டும். "எமர்ஜென்சி சப்ளை, 72 மணி நேரம்" என்ற வார்த்தைகளையே சொல்லிக் கேளுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் மருத்துவமனை அவசரப் பிரிவு. மூன்று நாள் மருந்தை ஒரே தடவையாகக் கையில் கொடுக்க அவர்களுக்கு அனுமதி உண்டு.

நிராகரிப்பு பெரும்பாலும் அற்பக் காரணத்துக்காக வரும். மருந்துச் சீட்டில் நோய்க் குறியீடு (எஃப்11.20) இல்லை, தினசரி அளவு உங்கள் மெடிகெய்ட் திட்டத்தின் வரம்பைத் தாண்டுகிறது, இல்லையென்றால் ஜெனரிக் (பிராண்டுப் பெயர் இல்லாத அதே மருந்து) எழுதியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கை: உற்பத்தியாளர் தரும் தள்ளுபடியால் சில மாநில மெடிகெய்ட்களுக்கு பிராண்டுதான் மலிவு. நிராகரிப்புக் காரணத்தை எழுதி வாங்கி கிளினிக்குக்கு அனுப்புங்கள். "ஸ்டாக் இல்லை" என்பது வேறு கதை. சீட்டு போகுமுன்பே 8/2 ஃபிலிம் (8 மி.கி. புப்ரெனார்ஃபினும் 2 மி.கி. நலாக்சோனும் சேர்ந்த, நாக்கடியில் கரையும் பட்டை) எத்தனை இருக்கிறது என்று கடைக்குப் போன் போட்டு எண்ணச் சொல்லுங்கள். மின்னணுச் சீட்டை, மருந்து வாங்குவதற்கு முன், வேறு கடைக்கு மாற்றலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான்.

மருந்து கைக்கு வந்ததும் உடனே நாக்கடியில் வைத்துவிடாதீர்கள். உடம்பில் ஓபியாய்டு மிச்சமிருக்கும்போது போட்டால் வித்ட்ராயல் (போதைப்பொருள் நின்றால் வரும் உடல் வேதனை) ஒரே அடியாக இறங்கும். ஹெராயின் போன்றவற்றுக்கு 12 முதல் 24 மணி நேர இடைவெளி. ஃபென்டனில் கொழுப்பில் தங்குவதால் அதற்கும் கூடுதலாகலாம். வித்ட்ராயல் அறிகுறிகளை அளக்கும் அட்டவணையில் மருத்துவர் சொன்ன மதிப்பெண் வரும்வரை பொறுங்கள். கரையும்வரை விழுங்கவோ பேசவோ கூடாது. கரைந்தபின் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் பல் போனவர்கள் இருக்கிறார்கள்.

மெடிகெய்டைப் புதுப்பிக்கச் சொல்லும் ரினியூவல் கடிதம் பழைய முகவரிக்குப் போனால் அட்டை செத்துவிடும். கவுன்டரில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். 2025 சட்டப்படி 2027இலிருந்து விரிவாக்கத்தில் வந்தவர்களுக்கு மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரினியூவல். போதைப் பழக்கச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வேலை நிபந்தனையில் விலக்கு உண்டு. அதற்கான கடிதத்தைக் கிளினிக்கில் இப்போதே வாங்கி, ஒரு நகலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.