ஆத்தங்குடித் தரையில் சிபிஆர்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் முதலுதவிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பழைய வீடு ஒன்றின் முகப்பில் பொம்மையைக் கிடத்தி நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள். இதயம் நின்றவருக்குச் செய்யும் இந்த முதலுதவிதான் சிபிஆர். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம். கேட்க எளிதுதான். இரண்டு நிமிடத்தில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது!

மெத்தையில் கிடத்தினால் அழுத்தத்தை மெத்தை வாங்கிக்கொள்ளும், கெட்டியான தரை வேண்டும் என்றார் பயிற்சியாளர். "ஆத்தங்குடிக் கல்லை விடக் கெட்டி எது தம்பி?" என்றார் பக்கத்திலிருந்த ஆச்சி.

நெஞ்சை அழுத்தும் இந்த வழி பிறந்ததே தற்செயலாகத்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்து, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஆய்வு செய்தபோது, கருவியின் தட்டை நெஞ்சில் அழுத்தினாலே ரத்த அழுத்தம் ஏறுவதை ஆய்வுக் குழுவிலிருந்த நிக்கர்பாக்கர் கவனித்தார். 1960இல் கட்டுரை வந்தது. குழுவின் மூத்தவர் கௌவன்ஹோவன் மருத்துவரே இல்லை, மின் பொறியாளர்.

எனக்கு உறைத்தது வேறு. சுயநினைவில்லாதவர் விட்டுவிட்டுத் திணறி மூச்சு இழுத்தால் அது மூச்சே இல்லையாம், உடனே அழுத்தத் தொடங்க வேண்டுமாம். கல்யாண வீட்டில் பெரியப்பா விழுந்தபோது அப்படித்தான் இழுத்தார். "மூச்சு இருக்கு" என்று சொல்லி விசிறிக்கொண்டே நின்றோம்.

முடிவில் ஆச்சி கேட்டார்: "என் கையில அவ்வளவு வலு ஏது?" 108ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள், அழுத்துபவருக்கு எண்ணிக் கொடுங்கள் என்றார்கள். அப்புறம் கிளம்பும்வரை ஆச்சி சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தார்.