யார் வீட்டுப் பிள்ளை?

ஜார்கண்டின் ராஜ்மகால் மலைக்கு ஊழியத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இங்கே பேசும் மால்தோ நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம், திராவிட மொழிதான். 'நீ' என்பதற்கு 'நீன்' என்பார்கள். முதல் வாரம் அதைக் கேட்டதுமே மனசு குளிர்ந்தது. மற்றபடி மொழி இன்னும் பிடிபடவில்லை.

நேற்று மாத அறிக்கை எழுத உட்கார்ந்தேன். சந்தித்த வீடுகள், நடத்திய கூட்டங்கள், புதிதாக வந்தவர்கள். கடைசிக் கட்டத்தில் மறுபடியும் பூஜ்யம். சரி என்று மூடிவைத்துவிட்டுக் குடத்தோடு ஊற்றுக்கு இறங்கினேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. (இந்த மலை தின்ற மூன்றாவது செருப்பு.)

மக்காச்சோளக் கொல்லையில் நின்ற பாட்டி ஏதோ கேட்டார். பேரன் இந்தியில் சொன்னான்: "யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்குறாங்க."

அப்பா பேரைச் சொன்னால் இவருக்கு என்ன தெரியும்? திருநெல்வேலி என்றாலும் தெரியாது. கொஞ்சம் யோசித்து, "தேவனுடைய பிள்ளை" என்றேன். இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் தேவனுடைய பிள்ளைகள் என்று சொல்லும் யோவான் 1:12 வசனத்தை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். ஒருத்தர் கேட்டு, பதிலாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. தொண்டை அடைத்தது.

பேரன் சொன்னதைக் கேட்டுப் பாட்டி சிரித்தார். மடியிலிருந்து இரண்டு கை தட்டைப்பயறு அள்ளி என் துண்டில் போட்டார்.

ராத்திரி அதை உப்பும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்தேன். முதல் வாய் வைக்கும்முன் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சத்தமாகவே வந்துவிட்டது.

அறிக்கை இன்னும் போகவில்லை. நாளைக்குச் சந்தை, முதலில் செருப்பு வாங்க வேண்டும்.