ஒரே வளையம், மூன்று விடைகள்

5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரு சிலிக்கன் வளையம். அதன் இருபுறமும் 200 நானோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு நேரான அலைநடத்திகள், அதாவது ஒளியை வழிநடத்தும் மெல்லிய பாதைகள். ஒன்றின் முனையில் ஒளியை விட்டால், வளையத்துக்குள் சரியாகப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் உள்ளே புகுந்து மறுபக்கத்துப் பாதைக்குத் தாவிவிடும். நேரே போகும் ஒளியின் நிறமாலையில் அந்த இடங்களில் பள்ளம் விழும். அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே எத்தனை நானோமீட்டர்? கணினிப் பாவனையில் விடை தேடிய இந்த ஒற்றைக் கேள்வி என் ஆறு வார மாலைப்பொழுதுகளைத் தின்றுவிட்டது.

முதலில் ஒரே ஒரு நேர்பாதைதான் வைத்திருந்தேன். பள்ளமே காணோம். நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை நிரலில் இல்லை, என் புரிதலில்தான். இழப்பே இல்லாத வளையம், வாங்கிய ஒளியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம், மட்டும்தான் மாறும். இரண்டாவது பாதையைச் சேர்த்த பிறகே பள்ளங்கள் தலைகாட்டின.

பயன்படுத்திய மென்பொருள் மீப். எம்.ஐ.டி.யில் உருவான இலவசக் கருவி; பைத்தானில் எழுதி ஓட்டலாம். மின்காந்த அலைகளுக்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகளை இடத்திலும் காலத்திலும் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி நகர்த்தும் முறை அது. கேன் யீ 1966இல் வகுத்துக் கொடுத்தது. மீப்பின் அலகுகள் பழக ஒரு வாரம் ஆயிற்று. ஒளியின் வேகம் 1 என்று வைத்துக்கொள்வார்கள், 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அதிர்வெண் 0.645 என்று எழுத வேண்டும்.

ஓட்டுவதற்கு முன்பு கையால் கணக்குப் போட்டேன். அலைநடத்தியின் அகலம் 500, உயரம் 220 நானோமீட்டர், சுற்றிலும் சிலிக்கா. அதில் ஒளி உணரும் செயலுறு ஒளிவிலகல் எண் 2.44. வளையத்தின் சுற்றளவு 31.4 மைக்ரோமீட்டர். அலைநீளத்தின் வர்க்கத்தை இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுத்தேன்: 31 நானோமீட்டர். தாளில் எழுதி, விடையைச் சுற்றிக் கட்டமும் போட்டுவிட்டேன்.

முப்பரிமாணத்தில் ஓட்டும் துணிவு அப்போது இல்லை. இருபரிமாணத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு: 220 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் தகட்டை, 2.85 ஒளிவிலகல் எண் கொண்ட கற்பனைப் பொருளாக மாற்றிவிடலாம். அப்படி ஓட்டியதில் 24, 25 என்று வந்தது. வலைக்கண், அதாவது இடத்தை நறுக்கிய துண்டு, பெரிதாக இருப்பதால்தான் இந்த வேறுபாடு என்று நினைத்தேன். மைக்ரோமீட்டருக்கு 20 புள்ளி என்றால் ஒரு கண் 50 நானோமீட்டர்; என் 200 நானோமீட்டர் இடைவெளிக்குள் நான்கே கண்கள். அதை இருமடங்கு நுணுக்கினேன். பள்ளங்கள் கொஞ்சம் நகர்ந்தன, ஆழமும் மாறியது. அவற்றுக்கு இடையிலான தூரம் மட்டும் அசையவில்லை.

சரி, முப்பரிமாணத்துக்கே போய்விடலாம் என்று இறங்கினேன். அங்கே வலைக்கண்ணைப் பாதியாக்கினால் நினைவகம் 8 மடங்கு, நேரம் 16 மடங்கு. மேலும் கீழும் சிலிக்காதான் என்பதால் சமச்சீரைக் காட்டிப் பாதியை மிச்சப்படுத்தலாம். அதில் கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் எல்லாப் புள்ளியிலும் பூஜ்யம். ஒளிமூலமும் அதன் எதிர்க்குறிப் பிம்பமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் இரவு அவசரப்பட்டு ஓட்டத்தைச் சீக்கிரம் நிறுத்தினேன். வளையத்துக்குள் ஒளி இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் பள்ளங்கள் அகன்று, ஓரங்களில் சிற்றலைகளோடு வந்தன. மூன்றாவது இரவு பொறுமையாக விட்டேன். விடை 18.

31, 24, 18. ஒரே வளையம்!

விஷயம் கடைசியில் அந்தக் கட்டம் போட்ட தாளில்தான் இருந்தது. பள்ளங்களின் இடைவெளியைத் தீர்மானிப்பது செயலுறு எண் அல்ல, குழு ஒளிவிலகல் எண். அலைநீளம் மாறும்போது செயலுறு எண்ணும் மாறுகிறது. அந்தச் சரிவையும் சேர்க்க வேண்டும். 1540இலிருந்து 1560 நானோமீட்டருக்குப் போகும்போது எண் ஏறத்தாழ 0.023 குறைகிறது. 0.023ஐ 0.02ஆல் வகுத்து 1.55ஆல் பெருக்கினால் 1.78, அதோடு 2.44. ஆக 4.2. இதை வைத்து மீண்டும் வகுத்தேன்: 18. முன்பே பாடப்புத்தகத்தில் படித்ததுதான். கை மட்டும் பழைய எண்ணையே எடுத்துப் போட்டது.

இருபரிமாண விடை 31க்கும் 18க்கும் நடுவில் நின்றதற்கும் இதுவே காரணம். 2.85 என்பதை மாறாத எண்ணாகக் கொடுத்திருந்தேன். உண்மையில் தகட்டின் எண்ணும் அலைநீளத்தோடு சரிகிறது. அந்தச் சரிவைப் பறித்துவிட்டதால் குழு எண் 3.1 அளவிலேயே நின்றுவிட்டது. குறுக்குவழியைக் குறை சொல்ல மாட்டேன். ஒளி எப்படிப் பாய்கிறது என்று பார்க்க அதைப் போல வேகமானது இல்லை. இடைவெளியை அளக்க மட்டும் அதை நம்பக் கூடாது.

இப்போது ஒரு பள்ளத்தைச் சரியாக 1550இல் நிறுத்தப் பார்க்கிறேன். ஆரத்தை மிகச் சிறிதாகக் கூட்டினால் திரையில் அழகாக வந்து உட்காருகிறது. ஆனால் அலைநடத்தியின் அகலம் 1 நானோமீட்டர் பிசகினாலே பள்ளமும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. உண்மையான சில்லில் அந்த அளவு பிசகாமல் இருக்காது. அதனால்தான் வளையத்தின் மேல் ஒரு குட்டி ஹீட்டர் வைத்துச் சூட்டால் இழுத்துப் பிடிக்கிறார்கள். சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரிக்கு 0.00018 அளவில் ஏறுகிறது. 10 டிகிரி கூட்டிய கோப்பு இந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, 0.7 நானோமீட்டரை ஒட்டி நகர வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை கட்டம் போடவில்லை.